கருமருந்து ரிவால்வர்: வேகத்துக்காகப் பிறந்து நிதானத்துக்கு வந்த கருவி

மருந்து, குண்டு, பொறி மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடக்கிய தோட்டா பரவலாவதற்கு முன்பு, அந்த மூன்றையும் தனித்தனியே கையால் இட்டு நிரப்பிச் சுட வேண்டிய சுழல் துப்பாக்கிகள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் உலகின் மிக முன்னேறிய கைத்துப்பாக்கிகளாக விளங்கின. அவற்றின் நகல்களை வாங்கி, பழைய முறைப்படியே மருந்தளந்து, குண்டை இறுக்கி, இலக்கு அட்டையை நோக்கிச் சுடுவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று நிலைபெற்ற ஒரு பொழுதுபோக்கு. விரைவாகச் சுடுவதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட கருவியை அதன் மந்தத்துக்காகவே இன்றைய மனிதர் தேடிப்போகின்றனர் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. ஆறு அறைகளையும் சில விநாடிகளில் சுட்டு முடித்துவிடலாம் என்றாலும், அவற்றை நிரப்பப் பல நிமிடங்களும், மாலையில் கழுவித் துடைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரமும் தேவைப்படுகின்றன.

இத்துறைக்கான சொற்களைத் தமிழில் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. குழலில் மருந்திட்டு இறுக்குவதைக் கெட்டித்தல் என்றும், பின்னுக்கு இழுத்துவிட்டால் பாய்ந்து அடிக்கும் சுத்தியலைக் குதிரை என்றும் நாட்டுத் துப்பாக்கிக் காலத்திலிருந்தே சொல்லிவருகிறோம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கலவை சிவகாசி வட்டாரத்தில் இன்றும் கருமருந்துதான். கேப் என்பதற்கோ விளக்கமே வேண்டாம். தீபாவளிப் பொம்மைத் துப்பாக்கியில் அடிபட்டு வெடிக்கும் பொட்டுக்கும், இந்த ரிவால்வரின் பின்புறத்தில் பொருத்தப்படும் சிறு செப்புக் கிண்ணத்துக்கும் தத்துவம் ஒன்றே.

பயிற்சி பெற்ற சிப்பாய்க்கும் ஒரு நிமிடத்தில் மூன்று வேட்டுக்கு மேல் இயலாத காலத்தில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்த சாமுவேல் கோல்ட் 1836 பிப்ரவரி 25 அன்று தமது சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குதிரையைப் பின்னுக்கு இழுத்தவுடன், பல அறைகள் கொண்ட உருளை தானே ஓர் அறை அளவு சுழன்று குழலுக்கு நேராக நின்று பூட்டிக்கொள்வதே அதன் சூட்சுமம். நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் தொடங்கிய முதல் தொழிற்சாலை வாங்குவோர் போதாமல் 1842-இல் மூடப்பட்டது. மெக்சிகோவுடனான போரின்போது சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவர் கேட்டுக்கொண்டதன் பேரில் 1847-இல் உருவான வாக்கர் ரிவால்வரே கோல்ட்டின் தொழிலுக்கு மறுவாழ்வு தந்தது. சுமார் இரண்டு கிலோ எடையுள்ள அந்தத் துப்பாக்கியைக் கையில் ஏந்துவதைவிடக் குதிரைச் சேணத்தில் தொங்கவிடுவதே எளிதாக இருந்தது. அதன் உருளைகள் சில வெடித்துச் சிதறியதும் வரலாற்றில் பதிவான செய்தி.

1851-ஆம் ஆண்டின் நேவி மாதிரியே கோல்ட்டின் பெயரை நிலைநாட்டியது. குழல்வாய் 0.36 அங்குலம் கொண்ட அத்துப்பாக்கியின் உருளையைச் சுற்றி, 1843 மே மாதத்தில் டெக்சாஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களுடன் பொருதிய காம்பெச்சே போர்க்காட்சி செதுக்கப்பட்டிருக்கும். பெயரில் கடற்படை வந்து சேர்ந்தது அந்தச் சித்திரத்தால்தானேயன்றி, கடற்படைக்கு மட்டுமே உரிய ஆயுதம் என்பதால் அன்று. 1860-இல் 0.44 அங்குல ஆர்மி மாதிரி வந்தது. நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகரில் இயங்கிய ரெமிங்டன் நிறுவனம், ஃபோர்டைஸ் பீல்ஸ் 1858-இல் பெற்ற காப்புரிமையின் அடிப்படையில் வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருதரப்பினரின் இடுப்பிலும் இருந்தவை பெரும்பாலும் இவைதாம். தோட்டாவை ஏற்கும் வகையில் உருளையை முழுவதும் துளைப்பதற்கான ரோலின் வைட்டின் 1855-ஆம் ஆண்டுக் காப்புரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்திடம் இருந்ததால், அது 1869-இல் காலாவதியாகும் வரை மற்றவர்கள் பழைய முறையிலேயே நிற்க வேண்டியதாயிற்று. 1873-இல் கோல்ட்டின் தோட்டா ரிவால்வர் வந்தபின், கேப்பும் குண்டும் கொண்ட தலைமுறை பரணுக்குப் போனது.

பரணிலிருந்து அதை இறக்கியவர்களில் முதன்மையானவர், நேவி ஆர்ம்ஸ் நிறுவனத்தை நடத்திய அமெரிக்கரான வால் ஃபார்கெட். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-இல் தொடங்கவிருந்த வேளையில், அசல் துப்பாக்கிகள் சேகரிப்பாளரின் கண்ணாடிப் பேழைக்குள் போய்விட்டதை உணர்ந்த அவர், இத்தாலியின் பிரெஷா மாவட்டத்துத் துப்பாக்கிக் கொல்லர்களை அணுகி 1851 நேவியின் நகலைச் செய்யச் சொன்னார். அங்குள்ள கார்டோனே வால் டிரோம்பியா என்னும் பள்ளத்தாக்கு ஊர், 1526-ஆம் ஆண்டின் விற்பனைக் கணக்கைச் சான்றாகக் காட்டும் பெரெட்டா நிறுவனத்தின் தாயகம். அன்று தொடங்கிய நகல் தொழிலே உபெர்ட்டி, பியெட்டா முதலிய பெயர்களில் இன்றும் உலகச் சந்தையை நிரப்பிவருகிறது. அமெரிக்க வீரத்தின் சின்னமாகத் திரைப்படங்களில் மின்னும் துப்பாக்கிகளில் பல இத்தாலிய மலையடிவாரத்தில் வார்த்தவை என்பது சற்றே வேடிக்கையான உண்மை.

சட்டமே முதல் படி

இப்பொழுதுபோக்கு எந்த நாட்டில் தொடங்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் முதல் படி அமைகிறது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கிகளையும், கருமருந்தால் மட்டுமே இயங்கும் இத்தகைய நகல்களையும் தொல்பொருள் என வகைப்படுத்துவதால், கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் அவை பொதுவாகத் துப்பாக்கி என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஆயினும் மாநிலச் சட்டங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. கோல்ட்டின் முதல் தொழிற்சாலை இருந்த நியூ ஜெர்சியிலேயே நகல் ரிவால்வரை வாங்குவதற்கு மற்றக் கைத்துப்பாக்கிகளுக்குரிய அனுமதி வேண்டும். பிரிட்டனில் 1997-இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டபோது, வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகள் அத்தடையிலிருந்து விலக்கப்பட்டன. அதனால் முறையான துப்பாக்கிச் சான்றிதழுடன் இலக்குப் பயிற்சியில் ஈடுபட விரும்பிய பலர் நவீன ரிவால்வரைக் கைவிட்டுப் பழைய ரிவால்வருக்கு மாறினர்.

இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் தேவை. உரிமமின்றி வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். கருமருந்து வெடிபொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. ஆகவே இங்கு வாழும் வாசகருக்கு இது செய்துபார்க்கும் கலையாக அன்றி அறிந்து மகிழும் கலையாகவே பெரும்பாலும் இருக்க முடியும். வெளிநாட்டில் குடியேறிய தமிழர் ஒருவர் ஆர்வம் கொண்டால், அவர் முதலில் கதவைத் தட்ட வேண்டிய இடம் கடையன்று, பதிவுபெற்ற துப்பாக்கிக் கழகம்.

எந்தத் துப்பாக்கி?

புதியவர் முன் நிற்கும் தேர்வு பெரும்பாலும் கோல்ட்டுக்கும் ரெமிங்டனுக்கும் இடையிலானது. கோல்ட்டின் உருளைக்கு மேலே உலோகப் பாலம் கிடையாது. குழலும் உடற்பகுதியும் நடுவே செருகப்பட்ட ஓர் ஆப்பால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஆப்பைத் தட்டிக் கழற்றினால் துப்பாக்கி மூன்று பெரும் துண்டுகளாகப் பிரிந்து கழுவுவதற்கு வாகாகிவிடும். கையில் அது அமரும் பாங்குக்கு நிகரில்லை என்று பழகியவர்கள் சொல்வர். ஆனால் அதன் பின் குறிகாட்டி, குதிரையின் உச்சியில் வெட்டப்பட்ட ஒரு சிறு பள்ளம்தான். அதுவும் நெடுந்தொலைவை எண்ணி அமைக்கப்பட்டதால், 25 மீட்டரில் சுட்டால் குண்டு குறிக்கு ஒரு சாண் மேலே போவது வழக்கம். ரெமிங்டனில் உருளையின் மேலாக ஒரு பட்டை ஓடி, சட்டகம் முழுவதையும் ஒரே துண்டாக்குகிறது. பின் குறிகாட்டி அந்தப் பட்டையிலேயே வெட்டப்பட்டிருப்பதால் அசைவதில்லை. குறை என்னவெனில், உருளை சுழலும் அச்சுக்கம்பி மெல்லியது. சில சுற்றுக்குப் பின் கரிக்கழிவு அடைந்து உருளை இறுகிப்போகிறது. குறி தவறாமையை நாடுவோருக்கு ரெமிங்டனும், வரலாற்றைக் கையில் தொட விரும்புவோருக்குக் கோல்ட்டும் ஏற்றவை எனலாம்; தொடங்குபவர் ஒன்றே வாங்குவதாயின் ரெமிங்டனே பிழைபொறுக்கும் துப்பாக்கி.

விலையைப் பார்த்து ஏமாறக்கூடிய இடமொன்று உண்டு. பித்தளைச் சட்டகம் கொண்ட நகல்கள் எஃகு நகல்களைவிட மலிவாகவும் கண்ணுக்குப் பொன்னாகவும் தோன்றுகின்றன. இவற்றின் மூலம் பஞ்சத்தில் பிறந்தது. உள்நாட்டுப் போரில் எஃகுக்குத் தட்டுப்பாடு கண்ட தென்மாநிலங்களில், ஜார்ஜியாவின் கிரிஸ்வால்டுவில்லில் இயங்கிய தொழிற்சாலை செம்புக் கலப்பு உலோகத்தில் சட்டகம் வார்த்து, நேவி வடிவில் 3,500-க்கும் மேற்பட்ட ரிவால்வர்களைச் செய்தது. 1864 நவம்பரில் வடமாநிலத் தளபதி ஷெர்மனின் படை அதை எரித்து முடித்தது. பித்தளை எஃகைவிட மென்மையானது. மருந்தின் அளவு கூடக்கூட, ஒவ்வொரு வேட்டிலும் பின்னோக்கி அறையும் உருளை தன் வட்டத் தடத்தைச் சட்டகத்தில் பதிக்கிறது. நாளடைவில் உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி அகன்று துப்பாக்கி தளர்ந்துவிடுகிறது. குறைந்த மருந்துடன் சுட்டால் அது நெடுங்காலம் உழைக்கும் என்பதும் உண்மையே. ஆனால் புதியவரிடம் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது சற்று அதிகம்.

மருந்தின் குணம்

கருமருந்து புகையற்ற நவீன மருந்தின் முன்னோர் என்று நினைப்பது, விறகடுப்பை எரிவாயு அடுப்பின் முன்னோர் என்று நினைப்பதைப் போன்றது. பயன் ஒன்று, இயல்பு வேறு. நவீன மருந்து எரிந்தால் ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிறது. கருமருந்தோ எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. வெண்புகையாகக் கண்ணை மறைப்பதும், குழலுக்குள் கரும்பிசுக்காக ஒட்டிக்கொள்வதும் அதுவே. இரண்டின் அழுத்தமும் ஒப்பிட முடியாதபடி வேறுபடுவதால், கருமருந்து ரிவால்வரில் ஒரு சிட்டிகை நவீன மருந்தைக்கூட இடலாகாது. இட்டால் உருளை பிளந்து சுடுபவரின் கையையும் முகத்தையும் சிதைத்துவிடும். இத்தாலிய நகல்களின் குழலில் 'கருமருந்து மட்டும்' என்னும் எச்சரிக்கை பொறிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த மருந்தின் உயிர்நாடியான வெடியுப்பு ஒரு காலத்தில் இந்தியச் சரக்காக இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பீகாரின் மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சிய வெடியுப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் இங்கிலாந்துக்குப் போயிற்று. 1861-இன் பிற்பகுதியில் அமெரிக்க வடமாநில அரசுக்காக லாமொ டூபான் என்னும் மருந்துத் தயாரிப்பாளர் லண்டனில் வெடியுப்பைப் பெருமளவில் வாங்கிக் குவித்தபோது, டிரென்ட் என்னும் பிரிட்டிஷ் கப்பலை வடமாநிலக் கடற்படை வழிமறித்த விவகாரத்தால் பிரிட்டன் ஏற்றுமதியைத் தடுத்து நிறுத்தியது. பிணக்குத் தீர்ந்த பின்னரே சரக்கு புறப்பட்டது. ரெமிங்டனும் கோல்ட்டும் அப்போரில் கக்கிய புகையில் கங்கைக் கரை மண்ணும் கலந்திருந்தது.

கடையில் மருந்து மணியின் பருமனுக்கேற்பத் தரம் பிரித்து விற்கப்படுகிறது. ரிவால்வருக்குப் பொதுவாக உகந்தது மூன்று எஃப் எனப்படும் பொடிமணித் தரம். அளவு கிரெயின் என்னும் அலகில் சொல்லப்படும். நம் பொற்கொல்லர் குன்றிமணியை எடையாகக் கொண்டதைப் போல, ஐரோப்பியர் தானிய மணியை அடிப்படையாகக் கொண்டு வகுத்த இந்த அலகில் சுமார் 15.4 சேர்ந்தால் ஒரு கிராம். 0.36 அங்குலத் துப்பாக்கிக்கு 20 கிரெயின், 0.44-க்கு 25 கிரெயின் என்பது இலக்குச் சுடுதலில் பரவலாகக் காணப்படும் அளவு. இறுதிச் சொல் தயாரிப்பாளரின் கையேட்டுக்கே உரியது. அமெரிக்காவில் பைரோடெக்ஸ் முதலிய மாற்று மருந்துகளும் கிடைக்கின்றன. அவை பற்றுவது சற்றுக் கடினமாதலால் கையாளவும் சேமிக்கவும் எளியவை. எனினும் அவற்றின் புகைக்கு அந்தப் பழைய வாசமில்லை என்று பழமைப் பற்றாளர் முகஞ்சுளிப்பர்.

கெட்டிக்கும் முறை

துப்பாக்கி காலியாக இருக்கிறது என்பதை உறுதிசெய்து, உருளையின் பின்புறமுள்ள நிப்பிள்கள், அதாவது கேப் அமரும் துளையுள்ள சிறு காம்புகள், எண்ணெயின்றிக் காய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதில் வேலை தொடங்குகிறது. சுடுதளத்தில் வெறும் கேப்பை மட்டும் ஒரு சுற்று வெடித்து அவற்றை உலர்த்துவது பழைய வழக்கம். பின்பு குதிரையைப் பாதி நிலையில் நிறுத்தினால் உருளை தாராளமாகச் சுழலும். குடுவையிலிருந்து மருந்தை முதலில் அளவைக் குப்பியில் ஊற்றி, அதிலிருந்தே அறையில் இட வேண்டும். குடுவையின் வாயை நேராக அறைக்கு மேல் கவிழ்ப்பது மன்னிக்கப்படாத பிழை. முந்தைய வேட்டின் கங்கு ஒன்று அறையில் உறங்கிக்கொண்டிருந்தால், குப்பியளவு மருந்து பற்றினால் விரல்தான் சுடும். குடுவையே பற்றினால் அது எறிகுண்டாகிவிடும்.

மருந்தின் மேல் தேன்மெழுகும் கொழுப்பும் ஊறிய கம்பளி வட்டு ஒன்றும், அதன்மேல் தூய மென்னீய உருண்டையும் வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் அழுத்த வேண்டும். உருண்டை அறையின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பது இன்றியமையாதது. 0.44 வகைக்கு 0.451 அல்லது 0.454 அங்குல உருண்டை வழக்கம். அழுத்தும்போது அறையின் விளிம்பு ஈயத்தைச் சீவி, மெல்லிய மோதிரம்போல் ஒரு வளையத்தை வெளியே தள்ளும். அந்த வளையம் முழுதாக விழுந்தால் அறை நன்கு அடைபட்டது என்று பொருள். உருண்டைக்கும் மருந்துக்கும் இடையே காற்றிடைவெளி இருக்கக் கூடாது. மருந்து குறைவாக இட்டு மிச்ச இடத்தை நிரப்ப இலக்குச் சுடுவோர் பலர் பயன்படுத்துவது, உப்புமாவுக்குப் பயன்படும் அதே கோதுமை ரவை; தமிழில் துப்பாக்கிக் குண்டுக்கும் ரவை என்றொரு பெயர் உண்டென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எல்லா அறைகளும் நிரம்பியபின், குழல் இலக்கை நோக்கியிருக்கும் நிலையில், கடைசி வேலையாகவே கேப் பொருத்தப்படும். ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலியான அறையின் மேல் குதிரையை இறக்கிவைப்பது புதியவருக்கு ஏற்ற பழக்கம். கண்ணாடியும் காதடைப்பும் அணியாதவரைக் கழகங்கள் சுடுதளத்துக்குள் விடுவதில்லை. வெடித்த கேப்பின் செப்புத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிப்பதால் கண்ணாடி அருகில் நிற்பவருக்கும் வேண்டும்.

இத்துறையில் அனைவரும் அஞ்சுவது சங்கிலி வெடிப்பு. ஓர் அறை சுடும்போது அதன் நெருப்பு அண்டை அறைகளுக்கும் தாவி, ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே கணத்தில் வெடிப்பதை இப்பெயர் குறிக்கிறது. நெருப்பு முன்புறமாக, தளர்ந்த குண்டைத் தாண்டிச் செல்கிறதா, பின்புறமாக, சரியாகப் பொருந்தாத கேப்பின் வழியே நுழைகிறதா என்பது பல தலைமுறைகளாக ஓயாத வழக்கு. முன்புறக் கட்சியினர் குண்டின்மேல் கொழுப்பைப் பூசுகின்றனர். பின்புறக் கட்சியினர் நிப்பிளுக்கேற்ற அளவில் கேப்பைத் தேடி அலைகின்றனர். 10, 11 என எண்ணிடப்பட்ட கேப் அளவுகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதால் இரண்டாவது தேடல் அவ்வளவு எளிதன்று. இரண்டையும் செய்பவர் எந்தக் கட்சி வென்றாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

இலக்கு அட்டையோடு மட்டும் நின்றுவிடாமல் போட்டிக்குச் செல்வோருக்கும் இடமுண்டு. 1933-இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரில் தன் சுடுதளத்தை வைத்திருக்கிறது. பன்னாட்டுப் போட்டிகளில் 25 மீட்டர் ரிவால்வர் பிரிவுக்கு மரியெட் என்று பெயர். முப்பது நிமிடத்தில் பதின்மூன்று வேட்டு. அவற்றுள் சிறந்த பத்து மட்டும் கணக்கில் வரும். நிரப்பும் நேரமும் அந்த முப்பது நிமிடத்துக்குள்ளேயே அடங்குவதால், பதறாமல் மருந்தளக்கும் கைக்கும் குறிபார்க்கும் கண்ணுக்கும் அங்கே சம மதிப்பு.

சுடுதளத்திலிருந்து திரும்பியபின் தொடங்கும் வேலையைச் செய்ய மனமில்லாதவர் இத்துறைக்குள் வராதிருப்பதே நலம். குழலில் ஒட்டியிருக்கும் கழிவில் பொட்டாசியம் கார்பனேட் முதலிய உப்புகள் இருப்பதால், அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் எஃகைத் துருவேற்றிவிடும். அதற்கு மருந்து, விலையுயர்ந்த எந்தக் கரைப்பானும் அல்ல, வெந்நீரும் சோப்பும்தான். துப்பாக்கியைப் பிரித்து, நிப்பிள்களைத் திருகிக் கழற்றி, குழலில் தூரிகையை ஓட்டினால் முதல் நீர் மைபோல் கறுத்து, அழுகிய முட்டையின் வாடையோடு இறங்கும்; வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுவே. நீர் தெளியும் வரை கழுவி, சூட்டோடு துடைத்து உலர்த்தி, எண்ணெயோ மெழுகுக் கொழுப்போ பூசி வைப்பர். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவில் வைப்பதில்லை. மறுநாள் காலை, உலர்ந்த வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைக் குழலுக்குள் செலுத்தி வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அதில் செம்பழுப்புக் கறை தெரிந்தால், மறுபடியும் வெந்நீர்.